குந்தி உட்காரும் பிள்ளைக்கு அளவெடுப்பது

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு உடுப்புத் தைக்கும்போது, அதை நிமிர்த்தி நிறுத்தித்தான் பெரும்பாலும் அளவெடுக்கிறோம். அந்த வயதில் பிள்ளை நிமிர்ந்து நிற்கிற நேரமோ மிகக் குறைவு. குந்தும், தவழும், நடைப்படியில் ஏறும், கட்டிலுக்கு அடியில் நுழையும். ஆகவே முக்கியமான அளவைப் பிள்ளை குந்தியிருக்கும்போது எடுங்கள். தொப்புளுக்குச் சற்றுக் கீழே டேப்பை வைத்து, கவட்டு வழியாகப் பின்இடுப்பு வரை கொண்டுபோங்கள். நிற்கும்போது எடுத்ததைவிட இந்த அளவு கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் பின்துண்டுக்குப் போக வேண்டும்.

நிக்கரின் முன்துண்டையும் பின்துண்டையும் ஒரே உயரத்தில் வெட்டினால், குந்தியதும் இடுப்பு இறங்கி முதுகு தெரியும். நாலு தடவை குந்தினால் கவட்டுத் தையல் விடும். பின்துண்டின் நடுவை ஒன்றரை அங்குலம் உயர்த்தி, பக்கத் தையலை நோக்கிச் சரிவாக இறக்கி வெட்டுங்கள். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சேரும் கவட்டில்தான் இழுவை அதிகம். அங்கே மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை, மூலை முன்னும் பின்னும் வரும்படி வைத்துத் தைத்தால் இழுவை பரவிவிடும். டயப்பர் போடுகிற பிள்ளைக்கு நான்கு அங்குலம் வையுங்கள். முட்டியில் இரட்டைத் துணி வேண்டுமானால் பக்கத் தையல் போடும் முன்பே வைத்துவிடுங்கள். குழாயாக மூடிய பிறகு அவ்வளவு சிறிய காலை மிஷினுக்கு அடியில் விரிக்க முடியாது.

அடுத்தது கழுத்து. இரண்டு வயதில் தலைச்சுற்றளவு சுமார் 48 செ.மீ., அதாவது 19 அங்குலம். கழுத்து அதில் பாதியளவுதான். கழுத்துக்குப் பொருந்தும்படி வெட்டினால் தலை நுழையாது, தலைக்கு வெட்டினால் தோள் வழியும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: கழுத்து வளைவை 14 அங்குலமாக வைத்து, முதுகில் 3 அங்குலம் திறப்பு விட்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து 6 அங்குலம் கூடும்; மொத்தம் 20. பனியன் துணியானால் தோளில் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி தைக்கலாம். அதற்குப் பட்டனே வேண்டாம். பட்டன் தளர்ந்தால் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும், அதனால் எனக்கு இந்த முறையே பிடிக்கும். கழுத்தில் கயிறு வைப்பதை முற்றிலும் விட்டுவிடுங்கள். கேட்டிலோ தொட்டிலிலோ மாட்டி இறுகிவிடும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே பிள்ளைகளின் உடுப்பில் கழுத்துக் கயிறு வேண்டாமென்று வழிகாட்டியது.

எங்கள் குமரி மாவட்டத்து நெய்யூர்ப் பக்கத்தில் தைத்த உடுப்புக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1828-ல் மிஷனரி சார்லஸ் மீட் இங்கே மிஷன் நிலையம் அமைத்தார். அவர் மனைவி ஜோஹன்னாவும், நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட்டும் பெண்பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தவர்கள். மேலுடம்பை மூடிச் சட்டை போடுவதற்காக இந்த மண்ணின் பெண்கள் அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்றுதான் நாடார் பெண்கள் சட்டை அணியத் திருவிதாங்கூர் அரசு அனுமதித்தது. உடுப்பு உடுத்துகிறவருக்காகத்தான் என்று இவ்வளவு பாடுபட்டு நிலைநாட்டிய ஊரில், பிள்ளைக்கு வலைத்துணியும் ஜிகினாவும் வைத்துத் தைத்து அதன் கழுத்தை உரசவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

துணிக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜீன்ஸ் துணியும் உள்ளே லைனிங் வைத்த கவுனும் ஈரம் காயாமல் வாடை பிடிக்கும். மெல்லிய பருத்திதான் நல்லது. திங்கள்சந்தையில் துணி வாங்கி வந்ததும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, பிறகு வெட்டுங்கள். பருத்தி 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். வாழைக்கறையும் கொல்லாம்பழச் சாறும் பட்டால் போகாது. ஆகவே முற்றத்தில் விளையாடும் உடுப்புக்கு அடர்நிறப் பூப்போட்ட துணி எடுங்கள். உள்ளுடுப்புக்குப் பலமுறை துவைத்து மெதுவான பழைய நேரியலைவிட நல்ல துணி கிடையாது.

‘வளர்ற பிள்ளை, லூசா தைங்க’ என்று சொல்வது வழக்கம். ஆனால் இந்த வயதில் பிள்ளை அகலத்தைவிட நீளத்தில்தான் வேகமாக வளர்கிறது. தொளதொளவென்ற உடுப்பு காலில் சிக்கித் தள்ளிவிடும். பக்கத் தையலில் அரை அங்குலம் போதும். அடி மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டால், அவிழ்த்து இறக்கிக்கொள்ளலாம். இடுப்புப் பட்டியின் உட்புறத்திலும் ஓர் அங்குலம் தைக்காமல் விடுங்கள். எலாஸ்டிக் தளர்ந்தால் ஊக்கில் கோத்து மாற்ற அந்த இடைவெளி உதவும்.

முதன்முறை தைக்கிறவர்கள் சட்டையில் தொடங்க வேண்டாம். பழைய வேட்டித் துணியில் ஒரு நிக்கர் வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, பிள்ளைக்கு மாட்டி ஒரு நாள் ஓடவிடுங்கள். எங்கே இழுக்கிறதென்று பார்த்து அளவைத் திருத்திக்கொண்டு, அதன் பிறகு புதுத் துணியில் கத்தரி வையுங்கள்.