நீரில் கரந்த நஞ்சு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களில் வாழ்வோர் கண்முன்னே கடல் பரந்து கிடக்கின்றது. ஆயினும் அதன் நீர் உவர்நீர். அப்படியே பருகுதற்கு ஆகாது. ஆதலின் சென்னை மக்கள் நெடுங்காலமாகப் புழல் ஏரியின் நன்னீரை நாடி வந்துள்ளனர். 1872ஆம் ஆண்டில் அந்நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. 1914ஆம் ஆண்டில் அங்கே மணல் வடிகட்டிகள் அமைக்கப்பெற்றன. ஏரி நீரை வடிகட்ட வேண்டுவது ஏன்? அதற்குரிய காரணங்களுள் ஒன்று நீலப்பசும்பாசியாகும்.

பாசி எனப் பெயர் பெற்றிருப்பினும் இது பாக்டீரியா இனத்தைச் சார்ந்த சிற்றுயிர். கதிரவன் ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். இவ்வினத்துள் சில, காற்றிலுள்ள நைட்ரஜனைக் கவர்ந்து நெல்வயலுக்கு உரமூட்டுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசிகளை ஆராய்ந்து புகழ்பெற்றவர் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார். அவருடைய மாணவர் தேசிகாச்சாரி நீலப்பசும்பாசிகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1959ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நன்மை செய்யும் இவ்வினத்திலேயே நஞ்சுடையனவும் உள்ளன. கழிவுநீரும் வயல் உரமும் ஏரியிற் கலப்பின், அவற்றிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உணவாகின்றன. வெப்பம் மிகுந்து நீரும் அசைவற்றிருப்பின் அது அளவின்றிப் பெருகும். பச்சை வண்ணம் கரைத்தாற்போல நீர் தோன்றும். சிலவகைப் பாசியின் நஞ்சு ஈரலைத் தாக்கும். வேறு சிலவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்கும். ஆஸ்திரேலிய ஏரி ஒன்றில் இத்தகைய நீரைப் பருகிய கால்நடைகள் மாண்டமை 1878ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது.

அந்நாட்டின் பாம் என்னும் தீவில் 1979ஆம் ஆண்டு நிகழ்ந்தது மேலும் ஒரு பாடம் புகட்டியது. அங்குள்ள குடிநீர்த் தேக்கத்தில் பாசி பெருகி, நீர் தீய நாற்றமும் சுவையும் பெற்றது. அதனை ஒழிக்க மயில்துத்தம் இடப்பட்டது. பாசி மடிந்தது, ஆனால் சில நாட்களில் 148 பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். பாசியின் உயிரணுக்கள் சிதைந்தமையால் உள்ளிருந்த நஞ்சு நீரிற் கலந்ததே காரணம் என்று ஆராய்ந்தோர் கருதினர்.

ஆகவே, பாசியைச் சிதைக்காமல் முழுமையாக அகற்றுவதே முதற்பணி. நீரில் படிகாரம் சேர்த்தால் பாசி திரண்டு அடியிற் படியும். எஞ்சியதை மணல் தடுக்கும். முன்னரே கரைந்துவிட்ட நஞ்சை மணலால் முற்றும் பிடிக்க இயலாது. நுண்துளைகள் மிகுந்த தனிவகைக் கரி அதனை ஈர்த்துக்கொள்ளும். ஓசோனும், தக்க அளவில் இட்ட குளோரினும் பலவகை நஞ்சுகளைச் சிதைக்கும். கொதிக்க வைப்பதால் மட்டும் பயனில்லை. நீர் ஆவியாகிக் குறையுமேயன்றி நஞ்சு குறையாது. ஈரலைத் தாக்கும் முதன்மையான நஞ்சு, நாள்தோறும் பருகும் நீரில் லிட்டருக்கு ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

எனினும், நஞ்சு தோன்றியபின் நீக்குவதினும் தோன்றாமற் காப்பதே எளிது. கழிவுநீர் ஏரியிற் கலவாதபடி தடுத்தால் பாசிக்கு உணவு குறையும். பச்சை ஏடு படர்ந்த நீரில் எவரும் நீராடலாகாது. கால்நடைகளையும் அதனைப் பருக விடலாகாது. ஏரியைத் தூய்மையாக வைத்திருப்பவர், தம் வீட்டுக் குடத்தையே தூய்மையாக வைத்திருப்பவராவர்.