ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் நடுவே அறுபட்ட கண்ணி

புதுதில்லி: மக்களவைக்கு வரும் ஒவ்வோர் உறுப்பினரின் வெற்றிக்கும் ஊமைச் சாட்சியாக இருப்பது, வாக்காளரின் இடது கை ஆள்காட்டி விரலில் இடப்படும் அழியாத மை. தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உருவான கண்டுபிடிப்பு அது. அதைத் தயாரிக்கும் உரிமத்தை, மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் 1962-இல் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனத்துக்கு வழங்கியது. அன்று முதல் தேர்தல் ஆணையம் அந்த மையை வாங்கி வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மட்டும் சுமார் 26 லட்சம் குப்பிகள் அனுப்பப்பட்டன. வெளிநாடுகள் பலவற்றுக்கும் ஏற்றுமதி ஆகிறது.

கண்டுபிடிக்க ஓர் ஆய்வகம், உரிமம் வழங்க ஓர் அமைப்பு, தயாரிக்க ஒரு நிறுவனம், வாங்குவதற்கு உறுதியான ஒரு வாடிக்கையாளர். இந்த நான்கு கண்ணிகளும் சேர்ந்ததால்தான் அந்தத் தொழில்நுட்பம் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கிறது. புத்தொழில் நிறுவனங்களுக்கு ஊக்கம் தர இன்று அரசு செலவிடும் பணத்தில் பெரும்பகுதி மூன்றாவது கண்ணிக்கே செல்கிறது. இரண்டாவது கண்ணியான உரிமம் இன்னும் பலவீனமாகவே உள்ளது.

பெருகிய காப்பகங்கள்

இன்குபேட்டர் எனப்படும் தொழில் வளர் காப்பகங்கள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் தேசியத் தொழில்முனைவோர் மேம்பாட்டு வாரியம் 1982-இல் அமைக்கப்பட்டது. கல்லூரி வளாகங்களில் தொழில்முனைவோர் பூங்காக்களை அமைக்கும் திட்டத்தின் தொடக்கக் கால முயற்சிகளில் ஒன்று, 1986-இல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியை ஒட்டி உருவானது. தில்லி ஐஐடி 1992-இல் தொழில்நுட்பப் பரிமாற்றத்துக்கென தனி அமைப்பைத் தொடங்கியது. மும்பை ஐஐடி 2004-இல் தனது காப்பகத்தை நிறுவியது.

பின்னர் சட்டமும் திட்டங்களும் துணைக்கு வந்தன. கல்வி நிறுவனங்களில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட காப்பகங்களுக்குத் தரும் நிதியைப் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் கொள்ள 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் வழி செய்தது. ஸ்டார்ட்-அப் இந்தியா திட்டம் 2016 ஜனவரியில் தொடங்கப்பட்டது. காப்பகங்கள் வழியாக ஆரம்பக்கட்ட மூலதனம் வழங்க, 2021-இல் ரூ.945 கோடி ஒதுக்கீட்டில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களின் எண்ணிக்கை 2025 ஜனவரியில் 1.59 லட்சத்தை எட்டியது.

காப்பகம் இளம் தொழில்முனைவோருக்கு இடம் தருகிறது, கருவிகளைத் தருகிறது, கணக்கு வழக்கு, காப்புரிமை ஆகியவற்றில் ஆலோசனை தருகிறது. கைம்மாறாக நிறுவனத்தில் சிறு பங்கைப் பெறுவதும் உண்டு. ஆனால், அடைகாக்க முட்டை வேண்டும். அரசு ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மக்கள் வரிப்பணத்தில் பிறந்த தொழில்நுட்பம் அந்த இளைஞரின் கைக்கு வராவிட்டால், காப்பகம் வெறும் வாடகைக் கட்டடமாகிவிடும்.

உரிமம் என்னும் முட்டுக்கட்டை

இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? நிதி கொடுத்த அமைச்சகத்துக்கா, ஆய்வகத்துக்கா, ஆய்வாளருக்கா? உரிமத்துக்கு முன்பணம் எவ்வளவு, விற்பனையில் பங்கு எவ்வளவு? எத்தனை நாள்களில் முடிவு சொல்ல வேண்டும்? இதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒரே சட்டம் இல்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அதன் நிதியில் உருவாகும் கண்டுபிடிப்புகளின் உரிமையை ஆய்வு நிறுவனங்களே வைத்துக்கொள்ள அனுமதித்தன. பிற துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தனித்தனி விதிகள்.

கையில் சில மாதச் செலவுக்கு மட்டுமே பணம் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்குத் தாமதமே மரண அடி. மறுபுறம், குறைந்த விலைக்கு உரிமம் கொடுத்து, பின்னாளில் அந்த நிறுவனம் பெரும் லாபம் ஈட்டினால் தணிக்கையில் கேள்வி எழுமே என்ற தயக்கம் அதிகாரிக்கு. கோப்பு நகராதிருந்தால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. நஷ்டம் கண்ணுக்குத் தெரியாததால் அதற்குப் பொறுப்பாளியும் இல்லை.

நிறைவேறாத மசோதா

இக்குழப்பத்துக்குத் தீர்வு காணும் முயற்சி நாடாளுமன்றத்திலும் நடந்தது. பொது நிதியில் உருவாகும் அறிவுசார் சொத்துகளின் பாதுகாப்பு மற்றும் பயன்பாட்டு மசோதா 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகமானது. அமெரிக்காவில் 1980-இல் நிறைவேறிய பே-டோல் சட்டமே இதற்கு முன்மாதிரி. கண்டுபிடிப்பை 60 நாள்களில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையை ஆய்வு நிறுவனம் தக்கவைத்துக் கொள்ளலாம். உரிமத் தொகையில் குறைந்தது 30 சதவீதம் கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டும் என்று மசோதா கூறியது.

எதிர்ப்பும் வலுவாக இருந்தது. மக்கள் பணத்தில் உருவான மருந்துக்கும் விதைக்கும் மக்கள் இரண்டாம் முறை விலை கொடுக்க நேரிடும் என்று விமர்சகர்கள் எச்சரித்தனர். ஆய்வு முடிவுகளைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளும் பல்கலைக்கழக மரபு கெடும் என்றும், விதிமீறலுக்கான தண்டனைப் பிரிவுகள் விஞ்ஞானிகளை அச்சுறுத்தும் என்றும் கூறினர். நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்து 2010-இல் அறிக்கை அளித்தது. மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கு நிலுவையில் உள்ள மசோதா, மக்களவை கலைந்தாலும் காலாவதியாவதில்லை. ஆயினும் இம்மசோதா விவாதத்துக்கு வராமலேயே பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

விமர்சனங்களில் நியாயம் இருந்தது. ஆனால், அவற்றைக் களைந்த வேறொரு மசோதா அதன் இடத்துக்கு வரவில்லை என்பதே குறை.

வழி திறந்தபோது

விதி தெளிவானால் என்ன நடக்கும் என்பதற்கு விண்வெளித் துறை சான்று. தனியாருக்கு அத்துறையைத் திறப்பதாக 2020-இல் மத்திய அரசு அறிவித்தது. இஸ்ரோவின் வசதிகளைத் தனியார் பயன்படுத்த அனுமதி வழங்க இன்ஸ்பேஸ் என்ற அமைப்பு உருவானது. சென்னை ஐஐடி காப்பகத்தில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரில் விண்வெளித் துறையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2024 மே 30-ஆம் தேதி, முப்பரிமாண அச்சு முறையில் தயாரித்த என்ஜினைக் கொண்ட அதன் சோதனை ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவில் அந்நிறுவனமே அமைத்த ஏவுதளத்திலிருந்து பறந்தது. அந்த வெற்றியில் காப்பகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, யாரிடம் போய் அனுமதி கேட்பது என்ற கேள்விக்குக் கிடைத்த தெளிவான பதிலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இப்போது மேலும் பெரிய தொகை வருகிறது. ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்காக ரூ.1 லட்சம் கோடி நிதித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்ட காலக் கடன் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

பணம் கிடைத்துவிட்டால் போதாது. அரசு ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு என்ன விலைக்கு, எத்தனை நாள்களில், எந்தப் பொதுநல நிபந்தனைகளுடன் இளம் தொழில்முனைவோருக்குக் கிடைக்கும் என்பதை ஒரே விதியாக எழுதி, அவைகளில் விவாதித்து முடிவு செய்ய வேண்டும். நல்லெண்ணத்துடன் உரிமம் வழங்கும் அதிகாரிக்குப் பாதுகாப்பும் அதில் இருக்க வேண்டும். விரல் மைக்கு 1962-இல் கிடைத்த வழி, இன்றைய கண்டுபிடிப்புகளுக்கும் கிடைக்க வேண்டும். அதைத் திறக்கும் பொறுப்பு, அந்த மையின் சாட்சியோடு இங்கு வந்தவர்களுடையது.