கருவி இருந்தாலும் கண் வேண்டும்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. அங்கே பரிசல்காரர் தண்ணீரைப் பார்த்தே துடுப்புப் போடுவார். கடலில் போகும் பெரிய கப்பலில் ராடார் உண்டு. எதிரே வரும் கப்பலை அது இருட்டிலும் காட்டும்.

அப்படியும் கப்பல்கள் மோதுவது ஏன்?

2017 ஜனவரி 28. விடியற்காலை நேரம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வந்த எண்ணெய்க் கப்பலும், வெளியே போன எரிவாயுக் கப்பலும் மோதின. கடலில் எண்ணெய் கொட்டியது. மீனவர் பிழைப்பு கெட்டது. கரை ஒதுங்கிய எண்ணெயைப் பலர் வாளியால் அள்ளினார்கள்.

ராடார் காட்டும். கப்பலைத் திருப்ப வேண்டியவர் மனிதர். தூக்கக் கலக்கம் ஆபத்து. ‘அவர் விலகிப் போவார்’ என்ற நினைப்பும் ஆபத்து.

ஆகவேதான் 1972-ஆம் ஆண்டு உலகக் கடல் விதி சொல்கிறது: கருவி இருந்தாலும், கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனியுங்கள்.