வெப்பச் சமநிலையற்ற பிளாஸ்மாவில் அயனியாக்க வீதம்

எலக்ட்ரான் மோதல் அயனியாக்கம் என்பது, வேகமாகச் செல்லும் எலக்ட்ரான் ஒன்று அணு அல்லது அயனியின் மீது மோதி, அதிலிருந்து மற்றொரு எலக்ட்ரானை வெளியேற்றும் நிகழ்வாகும். இதற்கு, மோதும் எலக்ட்ரானின் ஆற்றல் அயனியாக்க ஆற்றலை விட அதிகமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜனுக்கு இது 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆகும்.

கணக்கிடும் முறை

ஒவ்வொரு ஆற்றலிலும் குறுக்குவெட்டுப் பரப்பு, எலக்ட்ரானின் வேகம், அந்த ஆற்றலுடைய எலக்ட்ரான்களின் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கி, அயனியாக்க ஆற்றலிலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால் வீதக் கெழு கிடைக்கும். இதை எலக்ட்ரான் அடர்த்தியாலும் அணு அடர்த்தியாலும் பெருக்கினால், ஓரலகு கன அளவில் ஒரு நொடியில் நிகழும் அயனியாக்கங்களின் எண்ணிக்கை கிடைக்கும். குறுக்குவெட்டுப் பரப்பை மதிப்பிட, 1967-இல் லோட்ஸ் வெளியிட்ட அனுபவ வாய்ப்பாடு பரவலாகப் பயன்படுகிறது.

வெப்பச் சமநிலையில் எலக்ட்ரான்களின் ஆற்றல் மேக்ஸ்வெல் பரவலைப் பின்பற்றும். அப்போது வெப்பநிலை ஒன்று தெரிந்தாலே போதும். ஆனால் சூரியக் காற்று, சூரியத் தீப்பிழம்பு போன்றவற்றில் உயர் ஆற்றல் எலக்ட்ரான்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. அங்கு இந்த எளிய முறை பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு

வெப்ப ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட் உள்ள ஹைட்ரஜன் பிளாஸ்மாவைக் கருதுவோம். மேக்ஸ்வெல் பரவலின்படி 10 லட்சம் எலக்ட்ரான்களில் ஏறத்தாழ 5 மட்டுமே 13.6 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டும். லோட்ஸ் வாய்ப்பாட்டின்படி வீதக் கெழு நொடிக்குச் சுமார் 2×10⁻¹⁴ கன செ.மீ. ஆகும்.

இப்போது எலக்ட்ரான்களில் ஆயிரத்தில் ஒன்று 50 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெற்றதாகக் கொள்வோம். அவற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 4.2×10⁸ செ.மீ.; குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 8.6×10⁻¹⁷ சதுர செ.மீ. இவற்றின் பெருக்கற்பலனை ஆயிரத்தால் வகுத்தால் 3.6×10⁻¹¹ கிடைக்கிறது. அதாவது, மிகச் சிறிய பங்கே உள்ள இந்த எலக்ட்ரான்கள் அயனியாக்கத்தை ஆயிரம் மடங்குக்கும் மேல் உயர்த்திவிடுகின்றன.

கப்பா பரவல்

1968-இல் வாசிலியூனஸ், புவிக் காந்தமண்டல எலக்ட்ரான்களை விவரிக்கக் கப்பா பரவலைப் பயன்படுத்தினார். கப்பாவின் மதிப்பு குறையக் குறைய உயர் ஆற்றல் வால் பெரிதாகும். அது முடிவிலியை நெருங்கும்போது மேக்ஸ்வெல் பரவல் கிடைக்கும். இந்த வால் மெதுவாகவே குறைவதால், தொகையீட்டை மிக உயர்ந்த ஆற்றல்கள் வரை நீட்டிக்க வேண்டும். கப்பா பரவலை வெவ்வேறு வெப்பநிலைகளுடைய பல மேக்ஸ்வெல் பரவல்களின் கூட்டுத்தொகையாக எழுதுவது மற்றொரு வழி. ஏற்கெனவே அட்டவணைப்படுத்தப்பட்ட வீதக் கெழுக்களை இதில் அப்படியே பயன்படுத்தலாம்.

முக்கியத்துவம்

வானியலில், அயனிகளின் மின்னூட்ட நிலையைக் கொண்டு வெப்பநிலை கணிக்கப்படுகிறது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் மேக்ஸ்வெல் பரவல் என்று தவறாகக் கொண்டால், 1 எலக்ட்ரான் வோல்ட் பிளாஸ்மா உண்மையில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பமானதாகத் தோன்றும். எனவே வெப்பநிலையைக் கூறுவதற்கு முன் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலைச் சரிபார்ப்பது அவசியமாகும்.