மொழிச் சேவகனின் சோம்பல்

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவோர் கையாளும் எடிட்டரில், பிழை செய்த மாத்திரத்தில் அதன் கீழே சிவப்புக் கோடு விழுவதும், ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதுமே மிச்சம் தானாக வந்து நிற்பதும் எடிட்டரின் சாமர்த்தியமல்ல. திரைக்குப் பின்னால் அமர்ந்து ஓயாமல் நிரலை வாசித்துக்கொண்டிருக்கும் லாங்குவேஜ் சர்வர் என்னும் மொழிச் சேவகனின் கைங்கரியம் அது. 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி இதற்கொரு பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு, எடிட்டர் எதுவாயினும் மொழிக்கு ஒரு சேவகன் போதும் என்றாயிற்று.

சேவகனுடைய சங்கடம், எஜமானர் விரலை அசைக்கும்போதெல்லாம் நிரல் மாறிவிடுவதே. ஆயிரம் கோப்புகளை ஒவ்வோர் எழுத்துக்கும் ஆதியோடந்தமாக வாசித்தால், விடை வருவதற்குள் எழுதுபவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆகவே விரல் சற்று ஓயும்வரை பொறுப்பதும், கேள்வி பழசாகிவிட்டால் பாதி வேலையை அப்படியே கைவிடுவதும் அவனுக்குப் பாலபாடம்.

மாறாததை மறுபடி தொடாத இந்தச் சோம்பல் புதிதல்ல. 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் செய்த ‘மேக்’ என்ற நிரல் தொகுக்கும் கருவி, கோப்பின் நேரத்தைப் பார்த்து, மாறாததைத் தொடாமல் விட்டது. ரஸ்ட் என்னும் நிரல்மொழிக்குரிய சேவகனான ரஸ்ட்-அனலைசரோ, மாறிற்றா என்பதோடு நில்லாமல், மாறியதால் விளைவு மாறிற்றா என்றும் கேட்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மேலே எத்தனை முறை ஷட்டரை ஏற்றி இறக்கினாலும், தம் வாய்க்காலின் நீர்மட்டம் மாறாதவரை அவர் மண்வெட்டியை எடுப்பதில்லை. ஒரு ஃபங்ஷனின் உட்புறத்தை மட்டும் திருத்தி, அதன் பெயரும் அது வாங்குகிற, திருப்பித் தருகிற பொருள்களின் வகையும் முன்போலவே இருக்கையில், அதை அழைக்கும் மற்றக் கோப்புகளைப் பரிசோதிப்பது வீண்.

எல்லாவற்றிலும் ரசமான சங்கதி வெற்று வரியுடையது. கோப்பின் உச்சியில் ஒரு வெற்று வரியைச் சேர்த்தால், கீழுள்ளவற்றின் வரி எண் ஒவ்வொன்றும் ஒன்று அதிகமாகிவிடுகிறது. சேவகன் தன் குறிப்பில் ‘40-வது வரியிலுள்ள ஃபங்ஷன்’ என்று எழுதி வைத்திருந்தானாகில், அர்த்தத்தில் அணுவளவும் மாற்றமில்லாதபோதே குறிப்புகள் அத்தனையும் பொய்யாகிவிடும். ‘கிழக்கேயிருந்து மூன்றாவது வயல்’ என்று சொல்லி வந்தவர்களுக்கு நடுவில் ஒரு வரப்புப் போட்டால் நேரும் குழப்பம்தான். சர்வே எண்ணால் சொல்பவருக்கு அது இல்லை. அனலைசரும் அத்தகைய நிலையான எண்ணை வழங்கி, வரிக்கணக்கை ஒதுக்கி வைத்து, கேட்டபோது மட்டும் பார்த்துச் சொல்கிறது.

எடிட்டர் மந்தமானால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புமுன், சேவகன் எந்தெந்த ஃபோல்டரை வீணே வாசிக்கிறான் என்று பாருங்கள். தானாக உற்பத்தியான கோப்புகளை அவன் பார்வையிலிருந்து விலக்க, செட்டிங்ஸில் பெரும்பாலும் ஒரு வரி போதும்.