ஆறாத புண்ணுக்கு வீட்டிலேயே பிராணவாயு

சர்க்கரை வியாதிக்காரர்களின் பாதப் புண் மாதக் கணக்கில் ஆறாமல், கடைசியில் காலையே எடுக்கும்படி ஆகிவிடுவதுண்டு. உயர் அழுத்தப் பிராணவாயு அறையில் சிகிச்சை பெற, கோலார் பக்கத்துக் கிராமவாசி 20, 30 தடவை பெங்களூருக்கு அலைய வேண்டும். கூலிக்காரருக்கு இது நடக்கிற காரியமா?

புண்ணுள்ள காலைப் பைக்குள் வைத்து, வீட்டிலேயே பிராணவாயு செலுத்தும் முறையும் உண்டு. மேல்நாடுகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. 12 வாரங்களில் பிராணவாயு பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேருக்குப் புண் ஆறியது. போலிக் கருவி வைத்தவர்களில் சுமார் 14 பேருக்கே.

காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். விறகடுப்பும் பீடியும் அருகில் கூடவே கூடாது. பையைக் கழற்றியதும் அதே காலை ஊன்றி மாடு கட்டப் போனால், பிராணவாயு என்ன செய்யும்?