ஊசி பிடிக்கும் கைக்கும் லைசென்ஸ் வேண்டும்



பச்சை குத்துவதும் காது மூக்கு குத்துவதும் நமக்குப் புதிதல்ல. பாட்டிமார் கையில் கோலமும் பெயருமாகப் பச்சை இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைக்குக் காது குத்தப் பத்தரை லயத்துக்கே அழைப்போம். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கு வேலைக்குப் போய், கடையிலோ நண்பன் வீட்டிலோ பச்சை குத்திக்கொண்டு வருகிறார்கள். அது அழகா, அசிங்கமா என்பது டிரெஸர் சொல்ல வேண்டிய விஷயமல்ல. ஊசி சுத்தமா? அதுதான் என் கேள்வி.

பச்சை குத்தும் மிஷின் ஒரு நிமிஷத்தில் நூற்றுக்கணக்கான தடவை, சில மிஷின் ஆயிரக்கணக்கான தடவை, தோலைத் துளைக்கும். முந்தின ஆளின் இரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஊசியிலோ மையிலோ இருந்தாலே போதும். ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் தொற்றலாம். பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். இவை வந்தவுடன் காய்ச்சலோ வலியோ தெரிய வேண்டும் என்பதில்லை. பல வருஷம் கழித்து ஈரல் சுருங்கி, புற்றுநோயாகவும் மாறலாம்.

சட்டம் எப்படி இருக்கிறது பாருங்கள். தோட்ட ஆஸ்பத்திரி அசிஸ்டெண்டுகளைப் பதிவு செய்ய 1965-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஊசி போடுகிறவன் யார், என்ன படித்தான் என்று கேட்பது நியாயம்தானே? 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி மாநகர் மன்றமும் நகராண்மைக் கழகங்களும் லைசென்ஸ் கொடுக்கின்றன. ஆனால் வியாபார லைசென்ஸ் கடைக்குத்தான். உள்ளே ஊசி பிடிப்பவருக்குக் கிருமி பற்றித் தெரியுமா என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

அப்படியானால் ஒரேயடியாகத் தடை செய்துவிடலாமே என்பீர்கள். நியூயார்க் நகரம் ஹெப்படைட்டிஸ் பயத்தால் 1961-ல் அப்படித்தான் தடை போட்டது. தொழில் ஒழியவில்லை, மறைவில் நடந்தது. 1997-ல் தடையை எடுத்துவிட்டார்கள். வேல்ஸ் நாட்டில் 2024 நவம்பர் முதல் பச்சை குத்துபவருக்குத் தனி லைசென்ஸ், கடைக்குத் தனி அனுமதி என்று இரண்டும் வேண்டும். தமிழ்நாட்டில் திருச்சியில் 2024 டிசம்பரில் ஒரு பச்சை குத்தும் கடையில் நாக்கைப் பிளக்கும் வேலையே நடந்தது. போலீஸ் இருவரைக் கைது செய்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். காரியம் நடந்த பிறகு சீல் வைப்பதைவிட முன்கூட்டியே விதி வைப்பது நல்லதல்லவா?

நம் பேராவிலும் விதி வகுத்தால் அதில் என்ன இருக்க வேண்டும்?

1. குத்துபவர் கிருமித் தடுப்புப் பயிற்சி பெற்றுப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அவருக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி வேண்டும்.

2. ஊசி ஒரு ஆளுக்கு ஒரு முறைதான். மையும் ஆளுக்குத் தனிக் கிண்ணத்தில்.

3. மற்ற சாமான்களை ஆட்டோகிளேவில் அவிக்க வேண்டும். 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு 15 நிமிஷம். வெந்நீரில் முக்குவதும் ஸ்பிரிட்டில் துடைப்பதும் போதாது.

4. வயது வரம்பும் வாடிக்கையாளர் பதிவுப் புத்தகமும் வேண்டும். புத்தகம் இருந்தால்தான் நோய் வந்தபோது மற்றவர்களைத் தேடிப் பிடிக்கலாம்.

தொழிற்சங்கத் தோழர்கள் இதை நகராண்மைக் கழக உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்கலாம். தொழில் செய்பவன் வயிற்றில் அடிக்கும் கோரிக்கை அல்ல இது. சுத்தமாகச் செய்பவருக்கு லைசென்ஸ் ஒரு மரியாதை.

விதி வரும்வரை நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். புது ஊசியின் பையை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்க. கையுறையை மாற்றச் சொல்லுங்க. முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்க. காது குத்தும் பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவில் அவிக்க முடியாது. காது மடலின் குருத்தெலும்பில் அதைப் பயன்படுத்தவே கூடாது. தைப்பூசத்துக்குக் கல்லுமலையில் அலகு குத்துகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். ஒருவர் வேல் இன்னொருவர் கன்னத்தில் ஏறக் கூடாது.

ஏற்கெனவே குத்திக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கிருமி இரத்தத்தில் தெரியச் சில வாரம் ஆகும் என்பதால், சமீபத்தில் குத்தியவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். பி தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கு 1989 முதல்தான் வழக்கமாகப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் குணமாக்கும் மாத்திரை உண்டு. 2017-ல் நம் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தின்படி அந்த மருந்தை மலிவாக வரவழைத்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தச் சிகிச்சை இலவசம்.

குத்திய பச்சை ஆயுசுக்கும் அழியாது. அதோடு நோயும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.